வாத்தியார் எம்.எல்.ஏ. ஆனால் கல்விக்கு என்ன கிடைக்கும்? பேராசிரியர் அன்பழகனை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "சென்னை கல்லூரிச் சாலையில் இருக்கும் கல்வித் துறை வளாகத்துக்கு க.அன்பழகன் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் நிஜமாகவே கல்லூரியில் பாடம் நடத்தியவரா? கல்விக்கு என்ன செய்தார்? எங்கள் ஊரில் ஒரு தலைமை ஆசிரியர் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கிக்கொண்டு தேர்தலில் நிற்கப் போவதாகப் பேச்சு. வாத்தியார் எம்.எல்.ஏ. ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு நல்லது நடக்குமா?" மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் கேட்டவர் மனதில் இருப்பது ஒன்றுதான். வகுப்பறையில் இருந்த ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனால் அந்த அனுபவம் அங்கே எதற்காவது ஆகுமா, இல்லை பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அடைமொழியோடு முடிந்துவிடுமா என்பதுதான் அது. நல்ல கேள்வி. தி.மு.க. பொதுச்செயலாளராக இருந்த அன்பழகனை வைத்தே பதில் சொல்வது எளிது. தமிழ்நாட்டில் இவ்வளவு நீளமாகச் சட்டமன்ற வாழ்க்கை வாழ்ந்த ஆசிரியர் வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

நான் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை முதலில் பாடம் நடத்துவதற்காகவும் பிறகு ஆர்வத்துக்காகவும் நெடுங்காலமாகப் படித்து வருகிறேன். கல்வியியல் என் துறை இல்லை. ஒரு பாடத்திட்டம் பிள்ளைகளுக்கு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, அதற்குள் போகவும் மாட்டேன். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் இல்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். அன்பழகன் 1922 டிசம்பர் 19 அன்று திருவாரூர் பக்கம் காட்டூரில் பிறந்தார். இயற்பெயர் இராமையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படித்தார்; நெடுஞ்செழியனும் அவரும் அங்கே ஒரே காலத்து மாணவர்கள். 1944-லிருந்து 1957 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். மு.வரதராசன் அதே தமிழ்த் துறையில் இருந்த காலம் அது. ஆகவே கௌரவப் பட்டமாக யாரோ வழங்கியது அல்ல அந்தப் 'பேராசிரியர்'. பதின்மூன்று வருடம் கல்லூரியில் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவர். கட்சிக்காரர்கள் கடைசிவரை பெயரைச் சொல்லாமல் பேராசிரியர் என்றே அழைத்தது, அவர் வேலையை விட்ட பிறகும் நின்றுபோன வழக்கம்.

1957 தேர்தலில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் முதல்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டது. அண்ணா காஞ்சிபுரத்தில், கருணாநிதி குளித்தலையில், அன்பழகன் எழும்பூரில் ஜெயித்தார்கள். அவருக்கு அப்போது 34 வயது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு உள்ளே போனார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதன் பிறகு அவர் நின்று ஜெயித்த சட்டமன்றத் தொகுதிகளை வரிசையாகப் பாருங்கள்: புரசைவாக்கத்தில் 1971, 1977, 1980, பூங்கா நகரில் 1984, அண்ணா நகரில் 1989, துறைமுகத்தில் 1996, 2001, 2006. எழும்பூரையும் சேர்த்தால் ஒன்பது வெற்றி. ஒன்பதுமே சென்னை. பிறந்த திருவாரூர் மண்ணில் ஒருமுறைகூட இல்லை. தமிழ்நாட்டு அரசியலில் ஒருவருக்குச் சொந்த ஊர், சொந்தச் சாதி, நிலபுலன், உறவுமுறை என்று ஒரு அடித்தளம் இருக்கும். அன்பழகனுக்கு அடித்தளம் அவர் பாடம் நடத்திய நகரமும் அங்கே பேசிய மேடைகளும்தான். பச்சையப்பன் கல்லூரி அந்தக் காலத்தில் திராவிட இயக்கத்து மாணவர்களுக்குப் பெரிய களம். ஆசிரியர் வேலை அவருக்குத் தந்த முதல் அரசியல் லாபம் இது என்று நான் நினைக்கிறேன். இது என் கணிப்புதான். ஆனால் தொகுதிப் பட்டியல் கணிப்பு அல்ல.

1962 முதல் 1967 வரை அவர் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையான சட்ட மேலவையில் இருந்தார். இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் மேலவை என்று ஒன்று இருந்ததே தெரியாது. நம் கேள்வியோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அரசமைப்பின் 171-ஆம் பிரிவுப்படி, மேலவை உள்ள மாநிலத்தில் அதன் இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களே வாக்களித்து நிரப்ப வேண்டும். இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு. அதாவது, ஆசிரியர்களுக்கென்று சட்டம் செய்யும் அவையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாக்குரிமை இல்லை. கிராமத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் சொல்லித்தரும் ஆசிரியை அந்தக் கணக்கில் ஆசிரியர் இல்லை. இந்த ஓரவஞ்சனையை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லிக் கோபப்பட்டதுண்டு. அந்த மேலவையும் 1986 நவம்பர் 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டது. 2010-ல் அதைத் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டமே போட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆக, இன்று ஓர் ஆசிரியர் சட்டமன்றத்துக்குப் போக வேண்டுமானால் மற்றவர்களைப் போலக் கட்சி டிக்கெட் வாங்கி, தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டுத்தான் போக முடியும்.

1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். 1971-ல் திரும்பி வந்து சுகாதார அமைச்சரானார். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்படும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பள்ளி கல்லூரியைப் பொறுத்தவரை இந்தக் காலத்தில் சொல்ல அதிகம் இல்லை. 1977-ல் நெடுஞ்செழியன் கட்சியை விட்டு விலகிய பிறகு பொதுச்செயலாளர் ஆனார். 2020 மார்ச் 7-ல் தம் 97-ஆம் வயதில் இறக்கும்வரை, 43 வருடம், அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

நடுவில் இரண்டு முறை சட்டமன்றப் பதவி போனது. இரண்டுமே தோற்றுப் போனது இல்லை. 1983-ல் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டதை ஒட்டி, மத்திய மாநில அரசுகள் போதிய அக்கறை காட்டவில்லை என்று கருணாநிதியும் அன்பழகனும் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். இரண்டாவது, 1986. அந்த வருடம் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் நவோதயா பள்ளித் திட்டமும் இந்தியைப் புழக்கடை வழியாகக் கொண்டுவருகின்றன என்று தி.மு.க. போராட்டம் அறிவித்தது. ஆட்சிமொழி பற்றிய அரசமைப்பின் 17-ஆம் பகுதியின் நகலைக் கொளுத்தினார்கள். சிறை சென்றார்கள். டிசம்பர் மாதம், பேரவைத் தலைவராக பி.எச்.பாண்டியன் இருந்தபோது, அன்பழகன் உட்பட தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப் பேரின் பதவி பறிக்கப்பட்டது.

இதில் சட்டச் சிக்கல் உண்டு. ஒருவர் அரசமைப்பின்படி நடப்பேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு அவைக்குள் வருகிறார். பிறகு வெளியே போய் அதே அரசமைப்பின் சில பக்கங்களைக் கொளுத்துகிறார். அது தகுதியிழப்பா, அரசியல் எதிர்ப்பா? மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரை வெளியேற்றும் அதிகாரம் அவைக்கு எந்த எல்லை வரை? வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அன்பழகன் எதிர் சட்டமன்றச் செயலாளர் என்ற அந்த வழக்கு, 2007-ல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் நீக்கத்தை உச்ச நீதிமன்றம் விசாரித்தபோதும் எடுத்துப் பேசப்பட்டது. அவையின் உரிமைகள் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் செய்தது சரியா தவறா என்பதில் இன்றும் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. என் கருத்தில், தனி மனிதராக எதிர்ப்புக் காட்டியதற்குச் சிறைத் தண்டனை கொடுத்தாயிற்று. தொகுதி மக்களின் பிரதிநிதியைப் பறித்தது அதிகப்படி.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று, அவர் கடைசியாக மூன்று முறை ஜெயித்த துறைமுகம் தொகுதி. அதற்குள்தான் சௌகார்பேட்டை வருகிறது. மார்வாடி, குஜராத்தி வியாபாரக் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் இடம். கடைத்தெருவில் நின்றால் இந்தி காதில் விழாமல் இருக்காது. மண்ணடிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள். இந்தித் திணிப்பை எதிர்த்து அரசமைப்பின் பக்கத்தைக் கொளுத்தியவர், அந்த மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டு மூன்று முறை உறுப்பினரானார். 2001-லும் 2006-லும் வித்தியாசம் சில நூறு வாக்குகள்தான். ஆனாலும் வென்றார். திணிப்புக்கு எதிராகப் பேசுவதையும் அந்த மொழி பேசும் மனிதர்களோடு பகைப்பதையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள், இந்தத் தொகுதிக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சரி, கல்விக்கு என்ன செய்தார்? 1989-91, 1996-2001 ஆகிய இரண்டு ஆட்சிகளில் அவர் கல்வி அமைச்சர். அந்தக் காலக்கட்டங்களில் நடந்தவை என்று ஒரு பட்டியல் போடலாம். 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. 1997-ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம். தொழிற்கல்லூரிகளில் கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீத இடம் ஒதுக்கியதும் அந்த இரண்டாவது ஆட்சியில்தான். இவையெல்லாம் நடந்தது உறுதி. ஆனால் இவற்றை அன்பழகன் கணக்கில் எழுதலாமா என்பது வேறு விஷயம். அமைச்சரவைக்குள் யார் எதை முன்மொழிந்தார், யார் தயங்கினார் என்பது வெளியே வராது. கருணாநிதி மாதிரி ஒவ்வொரு துறையிலும் கை வைத்த முதலமைச்சரின் கீழ் இருந்த அமைச்சர் விஷயத்தில் இது இன்னும் கடினம். அந்தத் துறைக் கோப்புகள் அவர் கையெழுத்தில் போயின என்பதற்கு மேல் சொல்பவர்கள், கட்சிக் கூட்டத்தில் பேசுவது போலப் பேசுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மனம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை: தமிழ்வழிக் கல்வி. அதில்தான் பெரிய தோல்வியும் வந்தது. 1999-ல் தமிழ்வழிக் கல்வி கேட்டுத் தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசு, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ்.மோகன் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரையின் பேரில் நவம்பர் 1999-ல், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று அரசாணை வந்தது. அரசுப் பள்ளிக்கு மட்டும் அல்ல, மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கும் சேர்த்து. தனியார் பள்ளிச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2000 ஏப்ரலில் உயர் நீதிமன்ற முழு அமர்வு ஆணையை ரத்து செய்தது. பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதுதான் அதில் முக்கிய வாதம். பிற்பாடு 2014-ல் கர்நாடக அரசின் இதே மாதிரி ஆணை பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் தாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அந்த ஆணை ஏன் தோற்றது என்று யோசித்தால் எனக்கு இரண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று, அது சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேறி வரவில்லை, அரசாணையாக வந்தது. விவாதம் நடந்து, திருத்தம் வந்து, எதிர்க்கட்சியின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லி வந்த சட்டமாக இருந்தாலும் நீதிமன்றத்தில் நின்றிருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்; 2014 தீர்ப்பைப் பார்த்தால் நின்றிருக்காது என்றே படுகிறது. ஆனால் மக்கள் மத்தியில் அதற்கு வேறு கனம் இருந்திருக்கும். இரண்டு, அந்த நேரத்தில் நடுத்தரக் குடும்பங்கள் மட்டும் அல்ல, கூலி வேலை செய்கிற குடும்பங்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. தமிழ்வழியில் படித்தால் வேலை உண்டா என்ற அவர்கள் கேள்விக்கு ஆணையில் பதில் இல்லை. தமிழ் படித்து, தமிழ் கற்பித்து வாழ்ந்த ஒருவருக்குத் தாய்மொழிக் கல்வி நியாயம் என்று தெரிந்திருக்கும். அந்தப் பெற்றோரின் பயமும் நியாயம்தான். ஆசிரியர் அனுபவம் ஒருவருக்குக் கொள்கையில் உறுதி தரும். எதிரே நிற்பவரின் கணக்கைத் தானாகக் காட்டித் தராது. தமிழ்வழிக் கல்வியில் நம்பிக்கை உள்ளவன் என்ற முறையில் இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

2006-11 ஆட்சியில் அவர் நிதி அமைச்சர். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்தபோது கல்வித் துறை தங்கம் தென்னரசு கையில் இருந்தது. முத்துக்குமரன் குழு பரிந்துரை, சட்டமன்றத்தில் சட்டம், முதல் வருடம் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் மட்டும் புதிய புத்தகம் என்று அது படிப்படியாகப் போனது. 2011-ல் புதிய ஆட்சி அதை நிறுத்தப் பார்த்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. 1999 ஆணையையும் 2010 சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். ஒன்று பயிற்றுமொழி, மற்றொன்று பாடத்திட்டம். இரண்டும் ஒரே தராசில் வராது. ஆனாலும் எது நீதிமன்றத்தில் நின்றது, எது நிற்கவில்லை என்பதில் ஒரு பாடம் இருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அன்பழகனின் ஆசிரியத் தன்மை வெளிப்பட்ட இடம் கல்வித் துறை அல்ல, ஒரு வழக்கு. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு சென்னைத் தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது 2001-ல் அவர் மீண்டும் முதலமைச்சரானார். குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே குற்றம் சாட்டும் தரப்பையும் நடத்தும் நிலை. ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களில் 76 பேரை மீண்டும் கூப்பிட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கக்கூட முயலவில்லை. அப்போது அன்பழகன் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர். மேடையில் இதைப் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். உங்களுக்கு இதில் என்ன உரிமை, நீங்கள் அரசியல் எதிரிதானே என்பது எதிர்வாதம். அரசியல் எதிரணியினர் அவைக்கு உள்ளேயும் வெளியேயும் ஆட்சியைக் கண்காணிக்கிறவர்கள். நீதி ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு அக்கறை இருப்பது இயல்பு என்ற பொருளில் நீதிமன்றம் பதில் சொன்னது. 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாறியது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஆஜரான அரசு வழக்கறிஞரை நியமித்தது தமிழ்நாடு அரசு. வழக்கு மாற்றப்பட்ட பிறகு அந்த அதிகாரம் கர்நாடக அரசுக்குத்தானே என்று மீண்டும் மனு. அப்போது அவருக்கு வயது 92. முதலில் விசாரித்த இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் 2015 ஏப்ரல் 27 அன்று நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்து, அன்பழகனின் எழுத்துப்பூர்வ வாதத்தையும் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அதன் பின் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும், 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டதும், அதற்கு முன்பே ஜெயலலிதா காலமாகிவிட்டதும் எல்லோருக்கும் தெரிந்தது.

சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் கட்சியில் நிறையப் பேர் இருந்தார்கள்; மனுவை எழுதியதும் வாதாடியதும் அவர்கள்தான். இது கட்சியின் முடிவு என்பதையும் மறக்கக் கூடாது. அவர் தனியாகச் செய்த சாகசமாக ஆக்கக் கூடாது. இரு கட்சிகளுக்கும் இடையிலான பகை இதில் எவ்வளவு என்று கேட்டால், நிச்சயம் இருந்தது. ஆனாலும், ஒரு காரியத்தை எடுத்தால் அதை வரி வரியாக, நடைமுறை தவறாமல், பத்துப் பதினைந்து வருடம் விடாமல் தொடரும் பொறுமை மேடைப் பேச்சாளர்களிடம் அரிது. விடைத்தாளில் முதல் பக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போடாமல் கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனிதரின் குணம் அது. பொதுச்செயலாளர் வேலையிலும் அதுவே. கட்சியில் ஒருவரை நீக்கினால் அறிவிப்பு பொதுச்செயலாளர் பெயரில்தான் வரும். 2014-ல் தலைவரின் மகன் மு.க.அழகிரி தற்காலிகமாக நீக்கப்பட்டபோதும் அறிவிப்பின் அடியில் இருந்தது க.அன்பழகன் என்ற பெயர்தான்.

இனி உங்கள் ஊர்த் தலைமை ஆசிரியர் விஷயம். வாத்தியார் எம்.எல்.ஏ. ஆனால் பள்ளிக்கு நல்லதா என்பதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஓர் எம்.எல்.ஏ.வால் கல்வியில் எது முடியும், எது முடியாது என்று தெரிந்தால் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். பள்ளிக் கல்வித் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை ஒவ்வொரு வருடமும் அவையில் வரும். அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார். உறுப்பினர்களுக்குப் பேசக் கொடுப்பது சில நிமிடங்கள். நடவடிக்கைக் குறிப்புகளில் அந்த நாளைத் திறந்து பாருங்கள்: நடுநிலைப் பள்ளியை உயர்நிலையாகத் தரம் உயர்த்துங்கள், சுற்றுச்சுவர் இல்லை, கணக்கு ஆசிரியர் இடம் காலி, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே பட்டியல்தான். இங்கே ஆசிரியராக இருந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு. தரம் உயர்த்தப் பக்கத்துப் பள்ளியின் தூரம் எவ்வளவு இருக்க வேண்டும், இடம் எவ்வளவு வேண்டும், பங்குத்தொகை கட்ட வேண்டுமா, பணிநிரவலில் (உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது) ஆசிரியர் எங்கே போனார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மற்றவர் கோரிக்கை வைக்கும்போது இவர் கோப்பு எண்ணோடு கோரிக்கை வைப்பார். தொகுதி மேம்பாட்டு நிதியில் வகுப்பறை கட்டவும் முடியும்.

ஆனால் ஓர் ஆசிரியர் பணியிடத்தைக்கூட எம்.எல்.ஏ.வால் உருவாக்க முடியாது. அதற்கு நிதித் துறை இசைவு வேண்டும், அரசாணை வேண்டும். கட்சிக் கொறடா சொன்னபடி வாக்களிக்க வேண்டும். மீறினால் கட்சித் தாவல் சட்டம். ஆகவே, கல்விக் கொள்கையை மாற்றப் போகிறேன் என்று அவர் மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து வருடத்தில் தொகுதியின் எந்தெந்தப் பள்ளிக்கு எது தேவை என்று பட்டியல் காட்டினால் கவனித்துக் கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆசிரியராக இருந்தவர் சங்கத்தின் ஆளாக மட்டும் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இடமாறுதல், ஊதியம், ஓய்வூதியம் எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் பிள்ளைகளுக்குச் சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை.

ஆசிரியர்களுக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இராதாபுரம் ஓர் உதாரணம். இப்போது சொல்லப்போகும் மு.அப்பாவும் அரசியலுக்கு வருமுன் ஆசிரியராக இருந்தவர். 2016-ல் அவர் 49 வாக்கில் தோற்றார். தபால் வாக்குகள் 203 தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன. காரணம், அவற்றில் சான்றொப்பம் இட்டது பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் அதற்கு உரிய அதிகாரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதில் ஒரு தொகுதியின் முடிவே தொங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாக்குகளை எண்ணச் சொன்னது. 2019 அக்டோபரில் எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பதவிக்காலமே முடிந்துபோனது. 2021-ல் அவர் அதே தொகுதியில் ஜெயித்துப் பேரவைத் தலைவரானார்.

கடைசியாக, உங்கள் தலைமை ஆசிரியருக்கு நடைமுறைத் தகவல் ஒன்று. அரசுப் பள்ளி வேலையில் இருந்துகொண்டு வேட்புமனு போட முடியாது. ஆதாயம் தரும் பதவி என்று மனு தள்ளுபடியாகும். வி.ஆர்.எஸ். கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்டு, பணியிலிருந்து விடுவித்த ஆணை மனுப் பரிசீலனை நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டும். வி.ஆர்.எஸ்.ஸுக்கு முன்னறிவிப்புக் காலம் உண்டு. துறை விசாரணை ஏதாவது நிலுவையில் இருந்தால் இன்னும் இழுக்கும். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்து கடிதம் கொடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். நிற்பது உறுதி என்றால் இப்போதே ஒரு நல்ல சர்வீஸ் வழக்கறிஞரிடம் பணிப்பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.